ஏழாம் கம்பத்தில் யானை இல்லை

“எல்லாத்துக்கும் பைத்தான்தான் காரணம்னு சொல்றாங்க மேடம்” என்றாள் சுசித்ரா.

கடித்த வடையைப் பாதியில் நிறுத்தினான் சின்ராசு. “மலைப்பாம்பா? வாழைத் தோட்டத்த அழிச்சது யானைன்னுல்ல பேசிக்கிட்டாங்க!”

“பாம்பு இல்லண்ணே. புரோகிராம் எழுதுற மொழி. கம்ப்யூட்டருக்கு உள்ளது.”

“யானைய வெரட்ட மலைப்பாம்பு பாஷையா? வெளங்கிரும்.”

அமுதவள்ளி அவனை ஒரு பார்வை பார்த்தாள். வடையை முடி, வாயை மூடு என்று அதற்கு அர்த்தம். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீப்பிடித்த கடைகளையும் செத்துப்போன கறவை மாடுகளையும் விசாரித்தே தலை நரைத்தவள் அவள். பொய் சொல்கிறவனுக்கு முதலில் வியர்ப்பது மூக்கு நுனிதான் என்பது அவளுடைய அசைக்க முடியாத நம்பிக்கை. வேலையை விட்டதும் போடியில் ஓர் ஏலக்காய் மண்டியின் மாடியைப் பிடித்துத் துப்பறியும் நிலையம் தொடங்கினாள். ஏலக்காய் வாசனை படியேறி வந்து நாற்காலியில் எல்லாம் உட்கார்ந்திருக்கும். குரங்கணியில் ஒரு வழக்குக்காக அவள் வாடகைக்குப் பிடித்த ஜீப்பின் டிரைவர்தான் சின்ராசு. வழக்கு முடிந்தது, ஆள் போகவில்லை. இன்றைக்கு அவன் உதவியாளர், டிரைவர், போக அந்த அலுவலகத்தின் நிரந்தர வாய்.

“மொதல்லருந்து சொல்லும்மா” என்றாள் அமுதவள்ளி.

சுசித்ரா தேவாரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்தாள். புருவத்தில்கூடப் புழுதி. மூச்சு வாங்கச் சொன்னாள்.

தேவாரம் பக்கத்து மலையடிவார விவசாயிகள் சங்கம், தோட்டங்களின் ஓரமாக எட்டுக் கம்பங்களை நட்டு வைத்திருந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் மண்ணுக்குள் ஓர் அதிர்வுக் கருவி. கனத்த கால் எதுவும் தரையை மிதித்தால், அது எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று சங்க அலுவலகத்துக் கம்ப்யூட்டருக்கு ஓர் எண்ணை அனுப்பும். ஐம்பதுக்குள் வந்தால் சைரன் அலறும். யானையும் கொஞ்சம் யோசித்துவிட்டு மலையேறிவிடும். இதற்கான புரோகிராமை எப்போதோ யாரோ கல்லூரிப் பிள்ளைகள் பைத்தானின் பழைய வெர்ஷனில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். சுசித்ரா அதைப் போன வாரம் புது வெர்ஷனுக்கு மாற்றினாள்.

“அன்னியிலருந்து பொழுது சாயுற நேரமானா புரோகிராம் நின்னுருது. காலையில சங்கத்துக் கிளார்க் வேலுச்சாமியண்ணே வந்து ஓடவிட்டா, பகல் பூராம் ஒழுங்கா ஓடுது. மறுபடி சாயங்காலம் படுத்துருது. முந்தாநாள் அப்படிப் படுத்துக் கெடக்கும்போதுதான் ரெண்டாங் கம்பத்துப் பக்கம் யானை எறங்கி, சின்னமுத்து மாமாவோட வாழையப் பூராம்…” அவள் ஸ்கூட்டர் சாவியை இறுக்கிப் பிடித்தாள். “அடுத்த வாரம் தார் வெட்ட இருந்தாரு.”

சின்ராசு வடை இருந்த காகிதத்தை மடித்து வைத்தான்.

“இன்னிக்கி ராத்திரி சங்கத்துல கூட்டம். பழைய வெர்ஷனுக்கே திரும்பிரணும், என்னைய நிறுத்திரணும்னு தலைவர் பால்ராஜ் முடிவு பண்ணிட்டாரு. கம்ப்யூட்டரத் தொடவே விடமாட்டேங்குறாங்க. ஆபீஸ் பெஞ்சில உக்காந்து அது சாகுறத வேடிக்கை பாக்கச் சொல்றாங்க.”

“சாகுறதுக்கு முன்னாடி வாக்குமூலம் ஏதாச்சும் குடுத்துச்சா?”

சுசித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினாள். கம்ப்யூட்டர் திரையைப் படமெடுத்து வைத்திருந்தாள். “இதான் மேடம். ‘எண்ணு வரவேண்டிய எடத்துல வார்த்தை வந்துருக்கு, ரெண்டையும் ஒப்பிட எனக்குத் தெரியாது’ன்னு சொல்லிட்டு நின்னுருக்கு. ஆனா எந்தக் கம்பத்துலருந்து வந்துச்சுன்னு சொல்லல. அதச் சொல்ல வைக்காம விட்டது என் தப்புதான். சேத்துரலாம்னு போனா தொட விடல.”

“கம்பமா?” என்றான் சின்ராசு. “நமக்குத் தெரிஞ்ச கம்பம் ஒரே ஒரு ஊருதான். உத்தமபாளையம் தாண்டி பஸ்சு நிக்கும்.”

“வண்டிய எடு” என்றாள் அமுதவள்ளி.

*

சின்ராசுவின் ஜீப்புக்கு ஒரு குணம் உண்டு. இறக்கத்தில் நிறுத்தினால்தான் மறுபடி கிளம்பும். அதனால் அவன் போடியில் எங்கே நிறுத்தினாலும் சரிவு பார்த்தே நிறுத்துவான்.

“பழசு நல்லாத்தான ஓடிக்கிட்டிருந்துச்சு?” என்றான் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி. “ஓடுறதப் போயி எதுக்கு ஆத்தா பிரிச்ச?”

“பழைய பைத்தானச் செஞ்சவங்களே அதக் கைகழுவிட்டாங்கண்ணே. இனி அதுல ஒரு ஓட்டை விழுந்தா அடைக்க ஆள் கெடையாது. சைரன் சத்தம் எட்டாத தோட்டத்துக்கெல்லாம் போன்ல மெசேஜ் வரணும்னு சங்கத்துலதான் கேட்டாங்க. மெசேஜ் அனுப்புற சர்வீசு பழைய வெர்ஷன வாசல்லயே நிறுத்தி ‘வெளிய போ’ன்னுருது.”

“நல்லதச் சொல்லிட்ட. கெட்டது?” என்றாள் முன்சீட்டில் இருந்த அமுதவள்ளி.

சுசித்ரா மழுப்பவில்லை. “நெறைய இருக்கு. பழகுன கைக்கு எல்லாம் மாறிப்போகும். வேலுச்சாமியண்ணே இன்னும் என்மேல கோவமாத்தான் இருக்காரு. வரிக்கு வரி தட்டிப் பாக்கணும், பாத்தாலும் ஓடவிட்ட பெறகுதான் தெரியுற கோளாறு ஒண்ணு எங்கயாச்சும் ஒளிஞ்சிருக்கும். பழசு பொறுத்துக்கிட்டுப் போன பல விஷயத்தப் புதுசு பொறுத்துக்காது. ஒரு தடவ சறுக்கினாப் போதும், பழசே தேவலன்னு ஊரே சொல்லிரும்.”

அமுதவள்ளி சட்டென்று பின்னால் திரும்பினாள். “பொறுத்துக்கிட்டுப் போச்சா? எண்ணுக்குப் பதிலா வார்த்தை வந்தா பழசு என்ன செய்யும்?”

“பழசா? அது யாரையும் கேள்வி கேக்காது மேடம். எந்த வார்த்தையா இருந்தாலும் எண்ணவிடப் பெருசுன்னு அதுக்கு ஒரு கணக்கு. எவ்வளவு பெரிய எண்ணா இருந்தாலும் வார்த்தைக்கு அப்புறந்தான்.”

“அப்ப ஒரு கம்பம் வார்த்தைய அனுப்புனா?”

“யானை ரொம்ப தூரத்துல இருக்குன்னு எடுத்துக்கும். சைரன் அடி…” சுசித்ரா வாயைப் பொத்திக்கொண்டாள். “சைரன் அடிக்காது.”

“எனக்குப் புரிஞ்சுபோச்சு” என்றான் சின்ராசு. “கம்பத்தப் பாத்து ‘யானை எம்புட்டுத் தூரம்?’னு கேக்குறோம். அது ‘கத்திரிக்கா’ங்குது. பழசு, ‘ஓ, கத்திரிக்காயா, அது எங்கிட்டோ கெடக்கு’ன்னு போத்திப் படுத்துக்கும். புதுசு, ‘என்னாது கத்திரிக்காயா!’ன்னு மயங்கி விழுந்துரும்.”

“அதேதாண்ணே!”

“அப்பக் கேள்வி வெர்ஷனப் பத்தி இல்ல” என்றாள் அமுதவள்ளி. “பொழுது சாஞ்சா கத்திரிக்கான்னு சொல்ற கம்பம் எது, அதச் சொல்ல வைக்கிறது யாரு? அதான் கேள்வி.”

*

முதல் கம்பம் ஒரு புளியமரத்தடியில் இருந்தது. இடுப்பு உயரத்தில் ஒரு தகரப் பெட்டி, பெட்டியில் உள்ளங்கை அகலத் திரை. அதில் ஓர் எண் மினுங்கிக்கொண்டிருந்தது. மண்ணுக்குள்ளிருந்து வந்த கறுப்பு ஒயர் ஒரு பிளக்கில் முடிந்து, பெட்டியின் அடியில் செருகியிருந்தது. பிளக்கைச் சுற்றிலும் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

அமுதவள்ளி குளவி இருக்கிறதா என்று குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு, பிளக்கைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். கூடு பொலபொலவென்று உதிர்ந்தது. திரையில் எண் மறைந்து, ‘ஆஃப்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை வந்து நின்றது.

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். சுசித்ராவின் போன் அடித்தது. காதில் வைக்காமலே வேலுச்சாமியின் குரல் கேட்டது. “ஏத்தா! பட்டப்பகல்லயே படுத்துருச்சு ஒன் புது வெர்ஷனு! இப்பச் சந்தோசமா?”

“ரொம்பச் சந்தோசம்ணே!” என்று கத்தினாள் சுசித்ரா. அந்தப் பக்கம் மனிதர் திகைத்துப்போய் போனை வைத்துவிட்டார். அமுதவள்ளி பிளக்கைத் திரும்பச் செருகினாள். “மண்ணுக்குள்ள இருக்குற கருவிய யாரு கழட்டப் போறாங்கன்னு நான் யோசிக்கவே இல்ல மேடம்” என்றாள் சுசித்ரா.

“குளவியும் அதையேதான் நெனச்சிருக்கு” என்றாள் அமுதவள்ளி. “பாவம், வீடு கட்டி வச்சிருந்துச்சு. யாரும் தொடாத எடமாப் பாத்துத்தான் குளவி கட்டும். கூடு இல்லாத கம்பத்தத் தேடுவோம்.”

ஜீப் வரப்போரப் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போனது. இரண்டாம் கம்பத்தில் கூடு இருந்தது. அதற்குப் பின்னால் சின்னமுத்துவின் தோட்டம். வாழை மரங்கள் நார் நாராகக் கிழிந்து, காய்கள் மண்ணோடு மண்ணாக மிதிபட்டுக் கிடந்தன. சின்ராசு அங்கே ஜீப்பை மெதுவாக ஓட்டினான். மூன்றில் கூடு. நான்கில் கூடும் கூடவே ஒரு பல்லியும். ஐந்து, ஆறு எல்லாம் குளவியின் சொத்து.

ஏழாவது கம்பம் ஒரு மோட்டார் அறையின் சுவரை ஒட்டி நின்றது. பிளக் துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது.

“குளவிக்கு இங்க பட்டா கெடைக்கல போல” என்றான் சின்ராசு.

பக்கத்துத் தோட்டத்தில் குருவம்மாள் என்கிற அம்மாள் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். யானை என்ற சொல்லைக் கேட்டதுமே அரிவாளைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

“போன மாசமே என் தென்னங்கன்ன அம்புட்டையும் பிடுங்கிருச்சே! அப்ப இந்தப் புது எழவெல்லாம் ஏது? பழசுதான் இருந்துச்சு. ஒரு சத்தம் வரல. யானை படிச்சுக்கிருச்சு ஆத்தா. பூனை கணக்கா நடந்து வந்திருக்கு.”

“அதுக்கு முன்னாடி சைரன் ஒழுங்கா அடிச்சுச்சா?”

“அடிச்சுச்சு, பேய் புடிச்ச மாதிரி! ஒரு வாரம் தெனம் சாயந்தரம் அடிக்கும். ஊரே வெடியத் தூக்கிக்கிட்டு ஓடியாரும். வந்து பாத்தா யானை இருக்காது. தலைவர் மட்டும் நிப்பாரு, அங்கிட்டுப் போயிருச்சுன்னு மலைப்பக்கம் கையக் காட்டுவாரு. அப்புறம் அதுவா நின்னுபோச்சு.”

“அதுவாவா?”

“அதுவாத்தான்.”

“தலைவர் எதுக்கு இங்க வர்றாரு?”

“அவரு மோட்டார் ரூமுதான இது. தெனம் சாயந்தரம் தண்ணி பாய்ச்ச வருவாரு.”

அமுதவள்ளி வாய்க்காலைப் பார்த்தாள். சின்ராசுவும் பார்த்தான். வாய்க்காலுக்குள் எறும்புப் புற்று வளர்ந்து நின்றது. இந்த வருஷத்தில் அதில் தண்ணீர் ஓடியதாகத் தெரியவில்லை.

தள்ளி வந்ததும் அவன் கிசுகிசுத்தான். “அக்கா, சந்தேகமே இல்ல, சாராயம். இல்லாட்டி ஏலக்காய்க் கடத்தல். அதுவும் இல்லாட்டி…”

“இல்லாட்டி?”

“வயசுக்கு மீறுன காதல்.”

“மூணும் இல்லன்னா?”

“நான் என் ஜீப்பையே தள்ளிக்கிட்டுப் போடிக்குப் போறேன்.”

அமுதவள்ளி சுசித்ராவைச் சங்கத்துக்கு அனுப்பினாள். “அந்தப் பெஞ்சிலயே போயி உக்காரு. போனக் கையில வச்சிரு. நான் கூப்பிட்டா எடு.”

*

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியபோது, மோட்டார் அறைக்குப் பின்புறத்துப் புதரில் சின்ராசுவை எறும்பு இரண்டு தடவை கடித்திருந்தது. வெள்ளை வேட்டி, முறுக்கிய மீசை, கையில் ஒரு துணிப்பை என்று பால்ராஜ் வந்து சேர்ந்தார். அவர் செருமினாலே சங்கக் கூட்டம் அமைதியாகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். அந்த மனிதர் இப்போது திருட்டுப் பூனை மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தார். ஏழாம் கம்பத்தின் பிளக்கைப் பிடுங்கினார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“ஆள் மாட்டிக்கிட்டாரு” என்று உதடசைத்தான் சின்ராசு.

உள்ளே திடீரென்று பாட்டு கிளம்பியது. அதோடு தொம், தொம், தொம் என்று தரை அதிரும் சத்தம். சின்ராசு ஜன்னல் கம்பி வழியே எட்டிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். எட்டு வருஷம் மலைப்பாதையில் ஜீப் ஓட்டியபோதுகூட இப்படி ஒரு காட்சியை அவன் கண்டதில்லை.

வேட்டி ஆணியில் தொங்கியது. தலைவர் நீல டிராக் பேண்ட், புது ஷூ சகிதம், மோட்டார் ஸ்டார்ட்டரின் மேல் சாய்த்து வைத்த போனைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தார். போனுக்குள் ஒரு பையன் காற்றாகச் சுழன்றான். இவர் அதையே நெல் மூட்டை இறக்குகிற தினுசில் செய்துகொண்டிருந்தார்.

அமுதவள்ளி கதவைத் தள்ளினாள். பால்ராஜ் ஒரு காலைத் தூக்கியபடியே உறைந்தார்.

“காலக் கீழ விடுங்கண்ணே, சுளுக்கிக்கப் போகுது” என்றாள்.

அவர் பாட்டை நிறுத்தவே தடுமாறினார். மூக்கு நுனி மட்டுமல்ல, ஆளே வியர்த்துப் போயிருந்தார். அவள் தான் யார் என்று சொன்னாள், எதற்கு வந்தோம் என்றும் சொன்னாள். பால்ராஜ் மோட்டார் மேடையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“அடுத்த மாசம் எம் மக தேவிக்குக் கல்யாணம். வரவேற்புல அவகூட ஒரே ஒரு பாட்டுக்கு ஆடணுமாம். வேற எதுவுமே அவ எங்கிட்டக் கேட்டதில்ல தாயி. வீட்டுல ஆடுனா தெருவே கூடிரும், அதான் இங்கிட்டு வந்தேன். மொத நாள் ஒரு குதி குதிச்சேன், சைரன் அடிச்சிருச்சு. ஊரே ஓடியாந்து ‘யானை எங்கண்ணே’ங்குது. எங்கிட்டயே!”

“மலைப்பக்கம் கையக் காட்டிட்டீங்க.”

“வேற எங்கிட்டுக் காட்டுறது?”

சின்ராசு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

“ஒரு மணி நேரந்தான் கழட்டுவேன். திரும்பச் செருகிட்டுத்தான் போவேன்” என்றார் பால்ராஜ். “சின்னமுத்து தோட்டம் ரெண்டாங் கம்பத்துல இருக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அது அந்தப் பிள்ளையோட வெர்ஷன் பண்ணுன சோலி.”

அமுதவள்ளி சுருக்கமாகச் சொன்னாள். பிளக் கழன்றதும் ஏழாம் கம்பம் எண்ணை விட்டுவிட்டு ஒரு வார்த்தையை அனுப்புவது, அதைப் பழசு சத்தமில்லாமல் விழுங்கியது, குருவம்மாளின் தென்னங்கன்றுகள் அப்படித்தான் போனது, புதுசு விழுங்க மறுத்து எட்டுக் கம்பத்தையும் சேர்த்து நிறுத்திக்கொண்டது எல்லாவற்றையும். அவள் முடித்தபோது பால்ராஜின் மீசை தொங்கியிருந்தது.

“அப்ப சின்னமுத்து வாழை… நானா?”

அவருக்குப் பதில் வெளியிலிருந்து வந்தது. மடார் என்று ஒரு மரம் முறிகிற சத்தம்.

சின்ராசு கதவிடுக்கில் பார்த்தான். கம்பத்துக்கு அந்தப் பக்கம், குருவம்மாளின் பலாமரத்தடியில், இருட்டு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அந்த இருட்டுக்கு இரண்டு தந்தம் இருந்தது.

“அக்கா” என்றான். “எனக்கு இதுக்கு எந்த நக்கலும் தோண மாட்டேங்குது.”

“பிளக்கச் செருகணும்” என்றாள் அமுதவள்ளி.

“நான் பிடுங்குனது, நானே செருகுறேன்” என்று பால்ராஜ் எழுந்தார். வேண்டாம் என்று சொல்வதற்குள் வெளியே இறங்கிவிட்டார். சுவரோடு சுவராக, கட்டிலுக்கடியில் நகர்கிற பூனை மாதிரி போனார். யானையின் காது ஒரு தடவை விசிறி நின்றது. அவரும் நின்றார். பிறகு குனிந்து, துளையைத் தேடிப் பிளக்கை அழுத்தினார். திரையில் எண் வந்தது. அவர் திரும்பி ஓடி வந்து உள்ளே விழ, சின்ராசு தாழ்ப்பாளைப் போட்டான்.

சைரன் அடிக்கவில்லை.

“புரோகிராம் ஏற்கெனவே படுத்துருச்சு” என்று பல்லைக் கடித்தபடி அமுதவள்ளி போனை அழுத்தினாள். “சுசித்ரா, வெரசா ஓடவிடு! ஏழுல யானை!”

“வேலுச்சாமியண்ணே தொட விடமாட்டேங்குறாரு மேடம்! தலைவர் சொன்னாத்தான் விடுவாராம்!”

அமுதவள்ளி போனைப் பால்ராஜின் வாய்க்கு நேராகப் பிடித்தாள். அவர் கெஞ்சுகிற குரலில் முனகினார். “வேலுச்சாமி… அந்தப் பிள்ளை தொடட்டும்ப்பா…”

“யாரு பேசுறது?” என்றது அந்தப் பக்கம் சந்தேகத்தோடு. “எங்க தலைவர் இப்படியெல்லாம் தன்மையாப் பேச மாட்டாரே.”

சுவரில் என்னவோ உரசியது. மேலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து சின்ராசுவின் தலையில் விழுந்தது.

“டேய் வேலுச்சாமி!” என்று வீறிட்டார் பால்ராஜ். “விடுறா அவள!”

“தலைவரேதான்!” என்றார் வேலுச்சாமி.

அடுத்த மூச்சுக்குள் சைரன் மலையடிவாரத்தையே கிழித்தது. அறைக்குள் பால்ராஜின் போன் சிணுங்கியது. ‘ஏழாம் கம்பம் அருகே யானை. நான்கு மீட்டர்.’ ஜன்னலுக்கு வெளியே தந்தங்கள் ஒரு கணம் அசையாமல் இருந்தன. பிறகு அந்தப் பெரிய உருவம், தொந்தரவு செய்துவிட்டார்களே என்கிற தோரணையில் திரும்பி, வாயில் ஒரு பலாக் கிளையோடு மலையைப் பார்த்து நடந்தது.

வெடிச்சத்தமும் டார்ச் வெளிச்சமும் நாலாபக்கமும் ஓடி வந்தன. சைரன் எட்டாத தோட்டக்காரர்கள்கூடப் போனைக் கையில் பிடித்தபடி வந்து சேர்ந்தார்கள். முதல் ஆளாக வந்தவர் சின்னமுத்து. அவர் டார்ச் தலைவரின் மீசையில் தொடங்கி, நீல டிராக் பேண்ட் வழியாக இறங்கி, ஷூவில் வந்து நின்றது.

“அக்கா, சைரனச் சோதிச்சுப் பாக்க வந்தோம்னு சொல்லிரலாமா?” என்று சின்ராசு கிசுகிசுத்தான். அவனுக்கே அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“அத அவரு முடிவு பண்ணட்டும்.”

*

கூட்டம் சங்கத்து முற்றத்தில் நடந்தது. பால்ராஜ் வேட்டிக்கு மாறிக்கொள்ளவில்லை. டிராக் பேண்ட்டோடு முன்னால் நின்று, செருமாமல், மகளின் ஆசையிலிருந்து வாழை அழிந்தது வரை ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லிவிட்டுச் சுசித்ராவைப் பார்த்துக் கைகூப்பினார். “தப்பு எம்மேல. புதுசே இருக்கட்டும் ஆத்தா.”

“எம்மேலயும் இருக்குங்கய்யா” என்று எழுந்தாள் சுசித்ரா. “அந்த வார்த்தைய விழுங்காதது புதுசு பண்ணுன நல்லது. ஆனா ஒரு கம்பம் ஒளறுச்சுன்னு மத்த ஏழையும் விட்டுட்டு மயங்கி விழுந்திருக்கக் கூடாது. ஒளறுற கம்பத்தோட பேரச் சொல்லிக் கத்திட்டு, மிச்சத்தப் பாத்துக்கிட்டே இருக்கணும். அப்படி நான் எழுதியிருக்கணும், எழுதல. நாளைக்கு எழுதிருவேன். அதுவரைக்கும் சாயங்காலம் நானே பக்கத்துல உக்காந்துக்கிறேன்.”

வேலுச்சாமி எழுந்து போய்க் கம்ப்யூட்டர் அறைச் சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்.

எல்லாரும் சின்னமுத்துவைப் பார்த்தார்கள். அவர் துண்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“எந்த வெர்ஷன வச்சாலும் என் வாழை திரும்ப வராது” என்றார் கடைசியில். “அடுத்த போகத்துக்கு ஒங்க கெணத்துத் தண்ணிய எனக்கு விடுங்கண்ணே. குருவம்மாளுக்கும் விடுங்க. அந்த வாய்க்கால் சும்மாத்தான கெடக்கு.”

“விட்டேன்” என்றார் பால்ராஜ் உடனே.

“இன்னொண்ணு.” சின்னமுத்துவின் முகத்தில் இரண்டு நாளைக்குப் பிறகு ஏதோ அசைந்தது. “ஆடிக் காட்டுங்க.”

முற்றமே தலைவரைத் திரும்பிப் பார்த்தது. பிறகு எங்கோ ஒரு பெண் சிரித்தாள். அது தேவி. மெசேஜ் பார்த்து ஓடி வந்தவள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். கண்ணில் தண்ணீரும் வாயில் சிரிப்புமாக முன்னால் வந்து, அப்பாவின் போனை வாங்கிப் பாட்டைப் போட்டாள்.

சின்ராசு தன் போனை எடுத்துப் படம்பிடிக்க உயர்த்தினான். அமுதவள்ளி அதைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

பால்ராஜ் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். நாலு அடி வைத்திருப்பார். ஊரில் ஒயிலாட்டம் ஆடிய கால் சின்னமுத்துவுக்கு. அவரால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலைவருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“எடது காலுண்ணே, எடது காலு! என்னையப் பாத்து வைங்க.”